அல்சூர் கடையில் ஓர் இ61: பழைய வடிவமைப்பு ஒன்றின் மதிப்புரை

பெங்களூரில் பத்துப் பதினைந்து பேர் உட்காரும் அளவில் ஒரு காபிக் கடை தொடங்க நினைத்து எஸ்பிரஸோ இயந்திரம் விசாரிக்கப் போகிறவருக்கு, விற்பனையாளர்கள் பெரும்பாலும் இரண்டு வகைகளைக் காட்டுகிறார்கள். ஒன்று, திரையும் தொடுபொத்தான்களும் கொண்டு, காபி வடியும் தலையான ஒவ்வொரு குரூப்பின் வெப்பநிலையையும் தசம இலக்கம் வரை எழுதிக் காட்டுவது. மற்றொன்று, கனமான குரோம் பூச்சுப் பித்தளைத் தலைகள் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்க, பக்கவாட்டிலுள்ள சிறு நெம்புகோலைத் தூக்கினால் காபி இறங்கும் இ61 வகை. இரண்டாவதை வாங்குகிறவர்களில் பலர் அதன் தோற்றத்துக்காகவே வாங்குகிறார்கள். வேண்டாம் என்கிறவர்களும் அதே தோற்றத்தைக் காட்டிப் பழங்காலத்துச் சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை இரு தரப்பும் கேட்பதில்லை. இந்த இயந்திரம் வெப்பத்தை நிலையாக நிறுத்துவதற்கு மின்னணுப் பலகையை நம்பாமல் உலோகத்தின் எடையை நம்புகிறது. அதன் நிறைகளும் குறைகளும், பெங்களூரில் அது படும் பாடும், ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு தீர்மானத்திலிருந்து கிளைத்தவை.

அல்சூரில் என் தங்கையின் கணவர் நடத்தும் கடையில் இரண்டு குரூப் கொண்ட இத்தகைய இயந்திரம் ஒன்று ஓடுகிறது. பம்புகளும் பாய்லர்களும் என் தொழில் என்பதால் அதைப் பொருத்திய நாள் முதல் பராமரிப்பு என் தலையில் விழுந்தது. இயந்திரத்தின் பிராண்டை நான் குறிப்பிடாததற்குக் காரணம், அது பெரிய வேறுபாடு எதையும் சொல்லிவிடாது என்பதே. இ61 குரூப்பை இன்று இத்தாலியில் பல நிறுவனங்கள் ஒரே வடிவில் பொருத்துகின்றன; கேஸ்கெட், ஷவர் ஸ்கிரீன், கேம் போன்ற உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஆகவே ஒரு நிறுவனத்தின் சரக்கைவிட ஒரு வடிவமைப்பையே இங்கே எடைபோடுகிறேன்.

அந்த வடிவமைப்பு எந்தச் சிக்கலுக்கு விடையாக வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதை நியாயமாக மதிப்பிட முடியும். 1884-இல் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ காப்புரிமை பெற்ற இயந்திரமும், 1901-இல் மிலானின் லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை பெற்றுப் பின்னர் தெசிதேரியோ பவோனி 1905 முதல் தயாரித்து விற்ற இயந்திரமும், பாய்லரின் நீராவி அழுத்தத்தைக் கொண்டே காபித்தூளுக்குள் நீரைத் தள்ளின. அதில் கிடைத்தது ஒன்று அல்லது ஒன்றரை பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டத்துக் காற்றழுத்தம்). அதற்குமேல் அழுத்தம் வேண்டுமானால் பாய்லரை இன்னும் சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் காபி தீய்ந்து கசக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அக்கிலே காஜியா கொண்டுவந்த சுருள்வில் நெம்புகோல் இந்த முடிச்சை அவிழ்த்தது. நீரைச் சூடாக்கும் வேலை பாய்லருக்கு, அழுத்தும் வேலை வில்லுக்கு என்று பிரிந்தவுடன் எட்டு ஒன்பது பார் அழுத்தம் எளிதாகக் கிடைத்தது. காபியின் மேல் கிரேமா என்னும் பொன்னிற நுரையும் அப்போதுதான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் அந்த வில்லைக் கையால் இழுத்தாக வேண்டும். மிலானின் ஃபேமா நிறுவனத்தில் எர்னஸ்தோ வலென்தே 1961-இல் அந்த வில்லை எடுத்துவிட்டு மின்பம்பை வைத்தார். அவ்வாண்டு பிப்ரவரியில் இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டி அந்த இயந்திரத்துக்கு இ61 என்று பெயரும் வைத்தார்.

நம் கல்யாண வரவேற்புகளில் ஒரு மூலையில் சீறிக்கொண்டு நிற்கும், பாலும் இன்ஸ்டன்ட் தூளும் கலந்து மேலே சாக்லேட் பொடி தூவித் தரும் இயந்திரத்துக்கும் இதற்கும் உறவு பாதிதான். அதில் நீராவிப் பகுதி மட்டும் உண்டு. அழுத்தத்தில் காபி வடிக்கும் பகுதியே கிடையாது. அந்தக் காபியை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அதைக் குடித்துப் பழகியவர் எஸ்பிரஸோ இயந்திரத்தில் முதலில் நீராவியைத்தான் பார்க்கிறார். உண்மையில் அங்கே மிகவும் கடினமான வேலை, சத்தமே இல்லாமல் குரூப்புக்குள் நடக்கிறது.

ஒன்பது பார் என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். காபித்தூளை இடும், 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாஸ்கெட்டின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் ஒன்பது பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 240 கிலோ எடை அமர்வதற்குச் சமம். அந்த விசை முழுவதையும், பாஸ்கெட்டை ஏந்தும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரின் இரண்டு காதுகளும் குரூப்பின் விளிம்பும் ஒரு நாளைக்கு நூறு முறைக்குமேல் தாங்குகின்றன. ஆயினும் அந்த அழுத்தத்தில் நொடிக்கு இரண்டு மில்லிலிட்டர் நீர்கூடப் பாய்வதில்லை என்பதால், காபிக்குள் நீரைத் தள்ளச் செலவாகும் திறன் இரண்டு வாட்டுக்கும் குறைவு. பம்பின் மோட்டாரோ 150 வாட்டுக்கு மேற்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வு வீண் அன்று. கார்பன் தகடுகள் கொண்ட ரோட்டரி பம்ப் தேவைக்குப் பல மடங்கு அதிகமாக நீரைத் தள்ளி, மிகுதியைத் தன் பக்கவழி வால்வின் மூலம் உறிஞ்சுவாய்க்கே திருப்பிவிடுகிறது. அதனால் ஒரு குரூப்பில் காபி இறங்கும்போது மற்றொன்றைத் திறந்தாலும் அழுத்தமானியின் முள் அதிகம் அசைவதில்லை. வீட்டு இயந்திரங்களின் அதிர்வுப் பம்பில் இந்த நிதானம் கிடைக்காது. எங்கள் இயந்திரத்தில் 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 நொடிக்குள் இறங்குமாறு அரைவையைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். பம்பின் பக்கம் நான் இதுவரை கைவைக்க நேர்ந்தது, அழுத்தத்தை ஒன்பதில் நிறுத்தும் திருகைத் திருப்புவதற்கு மட்டுமே.

வெப்பத்தின் கதை இதைவிடச் சுவையானது. பாய்லரில் உள்ள நீர் 120 டிகிரி அளவில் நீராவிக்காகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. காபிக்கு வேண்டியதோ 90-க்கும் 96-க்கும் இடைப்பட்ட நீர். பாய்லர் நீரையே எடுத்தால் சூடும் அதிகம், நாள் முழுதும் கொதித்து அதன் சுவையும் கெட்டிருக்கும். எனவே பாய்லருக்குள் ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனியாக ஒரு செப்புக்குழாயைச் செருகி, பம்பிலிருந்து வரும் புது நீரை அதன் வழியாக ஓடவிட்டு, போகிற போக்கில் சூடாக்குகிறார்கள். இதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். குழாயிலிருந்து குரூப்புக்கு மேலே ஒரு வழியும் கீழே ஒரு வழியும் செல்கின்றன. சூடான நீர் இலேசாகி மேல்வழியில் ஏறிக் குரூப்பின் பித்தளையைச் சூடாக்கிவிட்டு, சற்றே ஆறிக் கனத்து, கீழ்வழியாகக் குழாய்க்குத் திரும்புகிறது. பம்பு ஏதுமின்றித் தானாகவே நடக்கும் இந்தச் சுழற்சிக்குத் தெர்மோசைஃபன் என்று பெயர். பெங்களூர் மொட்டை மாடிகளில் வரிசையாகப் படுத்திருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர்களில் நீர் தானே தொட்டிக்கு ஏறுவதும் இதே முறையில்தான்.

சுழற்சி கொண்டுவரும் சூட்டைச் சேமிப்பது குரூப்பின் எடை. ஒரு குரூப் சுமார் நான்கு கிலோ பித்தளை. அதன் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு ஏறத்தாழ 1.5 கிலோஜூல். ஒரு காபிக்காக 60 மில்லிலிட்டர் நீர், வேண்டியதைவிட ஐந்து டிகிரி அதிகச் சூட்டுடன் அதற்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மிகைச் சூடு முழுவதையும் பித்தளை வாங்கிக்கொண்டாலும் அதன் வெப்பநிலை ஒரு டிகிரிகூட உயராது. எந்தச் சென்சாரும், எந்தக் கணக்குப்போடும் சில்லும் இல்லாமல் ஏற்ற இறக்கங்களை விழுங்கிவிடும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது, பொறியாளர் என்ற முறையில் எனக்கு வலென்தேயின்மேல் மரியாதை கூடுகிறது.

அதே எடைதான் முதல் குறையும்கூட. கடையில் இயந்திரத்தைப் போட்டதும் அரை மணி நேரத்தில் அழுத்தமானி பச்சை எல்லைக்கு வந்துவிடும். பார்ப்பவர் தயாராகிவிட்டது என்று நினைப்பார். பாய்லர் தயார், குரூப்புகள் தயாராவதில்லை. மெல்லிய சுழற்சியை மட்டும் நம்பிச் சூடேற வேண்டிய எட்டுக் கிலோ உலோகத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும். காலை ஏழு மணிக்குக் கடை திறக்க வேண்டுமானால் ஆறு மணிக்கே ஒருவர் வந்து சுவிட்சைப் போட வேண்டும், அல்லது டைமர் வைக்க வேண்டும். டைமர் மலிவானது, ஆனால் ஆளில்லாத நேரத்தில் மூன்று கிலோவாட் ஹீட்டரைத் தானே இயங்கவிடுவதை நான் விரும்பவில்லை.

இரண்டாவது குறை, சும்மா இருக்கும்போது ஏற்படுவது. பிற்பகல் மூன்று மணிக்கு வாடிக்கையாளர் வராத அரை மணி நேரத்தில், செப்புக்குழாய்க்குள் தேங்கிய நீர் பாய்லரின் சூட்டை எட்டிப்பிடித்துவிடும். அப்போது அப்படியே காபி வடித்தால் முதல் கோப்பை கசந்துதான் வரும். அதற்காகப் போர்ட்டாஃபில்டரைப் பொருத்தும் முன் சிறிது நீரை வெறுமனே திறந்துவிட வேண்டும். வெளியே வந்ததும் அந்த நீர் நீராவியாகச் சிதறிச் சீறும்; சீறல் அடங்கி ஓட்டம் அமைதியானதும் நிறுத்தலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. இந்த விதி கடல் மட்டத்து ஊர்களில் எழுதப்பட்டது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நீர் இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே சீறல் அடங்கும் தருணத்தில் நீரின் சூடு நூறாக இருக்காது, 97-ஆக இருக்கும். சென்னையில் சீறல் நின்ற பிறகும் இன்னும் சற்று நீரை விடுகிறவர், அதே பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் தேவைக்குமேல் ஆறவிட்டுவிடுவார். சிக்மகளூர் அரபிகாவை மிதமான வறுவலில் பயன்படுத்தும்போது அந்த வேறுபாடு புளிப்பாக நாக்கில் தெரியும். எங்கள் கடையில் சீறல் நின்றவுடன் நிறுத்துவதே சரியாக வருகிறது.

உயரம் இன்னோர் இடத்திலும் குறுக்கிடுகிறது. பாய்லரின் அழுத்தத்தைப் பார்த்து ஹீட்டரைப் போட்டு அணைக்கும் பிரஷர்ஸ்டாட், சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தையே அளக்கிறது. இங்கே காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிட ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு என்பதால், முள் 1.1-ஐக் காட்டும்போது உள்ளே நீரின் சூடு, மும்பையில் அதே 1.1-இல் இருப்பதைவிட ஒன்றரை டிகிரி போலக் குறைந்திருக்கும். பெட்டியைப் பிரித்து அப்படியே பொருத்திவிட்டுப் போகும் ஆட்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நாங்கள் 1.2-க்குக் கூட்டிவைத்த பிறகு நீராவியும் உலர்ந்து வந்தது, குரூப்பின் சூடும் சரியான இடத்தில் நின்றது.

நீராவியைப் பொறுத்தவரை இந்த இயந்திரத்தின்மேல் எனக்குக் குறையே இல்லை, காரணமும் எளிதானது. குளிர்ந்த பால் 200 மில்லிலிட்டரை ஐந்து டிகிரியிலிருந்து அறுபதுக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 44 கிலோஜூல் வேண்டும். அதை இருபது நொடியில் செய்ய வேண்டுமென்றால் இரண்டு கிலோவாட்டுக்குமேல் தேவை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பால் நுரைத்தால் ஹீட்டர் தனியாக ஈடுகொடுக்க முடியாது. பாய்லரில் காத்திருக்கும் வெந்நீர்தான் அங்கே கைகொடுக்கிறது. நீராவி வெளியேறி அழுத்தம் 0.1 பார் குறைந்தால் உள்ளேயுள்ள நீர் ஒன்றரை டிகிரி குளிர்ந்து, அந்தச் சூட்டைக் கொண்டு தன்னில் ஒரு பகுதியை நீராவியாக்கிவிடுகிறது; ஏழு லிட்டர் நீர் இருந்தால் ஒரு ஜக் பாலுக்கு வேண்டிய வெப்பம் அதிலேயே வந்துவிடும். பெரிய பாய்லருக்குப் பணம் கொடுப்பது இதற்காகத்தான். பாலில் சேரும் நீராவி 18 கிராம் அளவுக்கு நீராக மாறிப் பாலோடு கலப்பதும் தவிர்க்க முடியாதது. நீராவி ஈரமாக வந்தால் அது இன்னும் கூடி, காப்பச்சினோ தண்ணீராக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்வார். பெங்களூரில் எஸ்பிரஸோவை அப்படியே குடிப்பவர் மிகக் குறைவு என்பதால் இது சின்ன விஷயமல்ல.

இனி தண்ணீர். இந்த மதிப்புரையில் வாங்குகிறவர் ஒரு பத்தியை மட்டும் படிப்பதானால் இதைப் படிக்கட்டும். நகரத்துக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏற்றப்படுகிறது. அது ஓரளவு மென்மையான நீர். ஆனால் பல தெருக்களில் அது நாள் முழுதும் வருவதில்லை. சம்ப்பில் தேக்கி, மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, போதாததற்கு போர்வெல் நீரையோ டேங்கர் நீரையோ அதே சம்ப்பில் கலக்கிறார்கள். 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டு நகரம் டேங்கரை நம்பியிருந்தபோது, குழாயில் வந்த நீரின் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் மாறியது. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கார்பனேட்டாக மாறிச் சுண்ணாம்புப் படலமாகப் படிகிறது. பாய்லரின் அகன்ற சுவரில் அது படிவது பெரிய தொந்தரவல்ல. ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயிலும், தெர்மோசைஃபனின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறுகிய துளையிலும், நீரோட்டத்தை மட்டுப்படுத்தும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள துளையான ஜிக்ளரிலும் படிவதுதான் தொந்தரவு. தெர்மோசைஃபன் அடைபட்டால் குரூப் குளிர்ந்துவிடும். எடையை நம்பும் இயந்திரத்தில் அந்த எடையைச் சூடாக வைக்க வேறு வழியே கிடையாது. ஸ்ரீராமபுரத்திலிருந்து எங்களுக்குச் சர்வீஸ் செய்ய வரும் மெக்கானிக், ஒருமுறை அடைபட்ட ஜிக்ளரை எடுத்துக் காட்டி, “அண்ணா, இது மெஷின் ரிப்பேர் இல்ல, தண்ணி ரிப்பேர்” என்றார். அதற்குமேல் சுருக்கமாக இதை என்னால் சொல்ல முடியாது.

அப்படியானால் ஆர்.ஓ. போட்டுவிடலாமே என்று பலரும் நினைக்கிறார்கள், விற்பவர்களும் அதையே சொல்கிறார்கள். உப்பு முழுதும் நீங்கிய நீரில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. பாய்லரில் நீர்மட்டத்தை அறியும் உலோகக் கம்பி, நீரின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாய்வதைக் கொண்டே மட்டத்தை உணர்கிறது. நீரில் உப்பே இல்லாவிட்டால் மின்னோட்டம் பாயாது. தொட்டி நிறைந்த பிறகும் நிறையவில்லை என்று நினைத்து இயந்திரம் நீரை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் நீராவிக் குழாயில் தண்ணீர் கொட்டும். மேலும் அத்தகைய நீர் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கிறது, காபியின் சுவையையும் சரியாக இறக்குவதில்லை. ஸ்பெஷாலிட்டி காபி சங்கத்தின் பரிந்துரை, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவிலும், 75-க்குக் குறையாமலும் 250-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது. ஆர்.ஓ. நீரோடு வடிகட்டிய குழாய் நீரைக் கலக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தி, கையடக்க மீட்டரில் அவ்வப்போது அளந்து, அந்த எல்லைக்குள் வைத்திருக்கிறோம். டேங்கர் வந்த மறுநாள் கட்டாயம் அளக்கிறோம். எண் ஒழுங்காக இருந்தாலும் அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்பது மீட்டரில் தெரியாது. அதற்குச் சொட்டு விட்டுப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனை வேண்டும்.

நெம்புகோலுக்கு மூன்று நிலைகள் உண்டு. கீழே இருந்தால் குரூப்பிலுள்ள அழுத்தம் கழிவுவாய் வழியாக வெளியேறும். நடுவில் வைத்தால் பம்ப் ஓடாமலே குழாயின் சொந்த அழுத்தத்தில் நீர் வந்து தூளை மெதுவாக நனைக்கும். மேலே தூக்கினால் பம்ப் இயங்கும். இந்த நடுநிலையைப் பற்றிப் புகழ்ந்து எழுதாதவர்கள் இல்லை. ஆனால் அது சில பார் அழுத்தத்தோடு நகராட்சிக் குழாயில் நேரே நீர் வரும் ஊர்களுக்கான ஏற்பாடு. மூன்று மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து கிடைப்பது 0.3 பார், நடுநிலையில் வைத்துக் காத்திருந்தால் சொட்டு சொட்டாக ஏதோ வரும், அவ்வளவுதான். இருபது லிட்டர் கேனிலிருந்து உறிஞ்சவிடும் கடைகளில் அதுவும் வராது. கேன் தீர்ந்து பம்ப் வறண்டு ஓடினால் கார்பன் தகடுகள் போய்விடும். ஆர்.ஓ.-வுக்குப் பின் ஒரு சிறு அழுத்தத் தொட்டியை வைத்த பிறகுதான் எங்களுக்கு அந்த நிலை பயன்பட்டது. அது இல்லாதபோதும் குரூப்புக்குள் இருக்கும் சுருள்வில் அறை, பம்பின் அழுத்தம் தூளில் சட்டென்று இறங்காமல் சில நொடிகள் தாமதிக்கச் செய்வது உண்மை.

கடை நடத்துகிறவரின் பார்வையில் பெரிய குறை வேறொன்று. நெம்புகோலை எப்போது இறக்குவது என்பதைக் காபி போடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பொத்தான் இயந்திரங்களில், சிறு சுழலியில் பதித்த காந்தத்தின் சுற்றுகளை எண்ணி, சொன்ன அளவு நீர் போனதும் தானே நின்றுவிடும் ஃபுளோமீட்டர் உண்டு. பழகிய பையன் ஒருவன் சம்பளம் கூடக் கிடைத்ததென்று கோரமங்களாவுக்குப் போய்விட, புதியவன் வந்து தராசைப் பார்க்கப் பழகும் வரை, ஒரு கோப்பை 36 கிராமும் அடுத்தது 50 கிராமுமாக இறங்கும். ஆட்கள் அடிக்கடி மாறும் கடைக்கு இந்த இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். இ61 குரூப்பிலேயே பொத்தானும் மின்வால்வும் வைத்த வடிவங்கள் கிடைக்கின்றன. உரிமையாளர் தானே கவுண்டரில் நிற்காத கடைகள் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹீட்டருக்கு மட்டும் பதினைந்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால் தனி வயரும் தனி எம்.சி.பி.யும் வேண்டும், கடையின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மின்வெட்டில் இதன் எடை மறுபடியும் உதவுகிறது. இயந்திரத்தின் சுழல் சுவிட்சில் ஹீட்டரை விலக்கி பம்பை மட்டும் இயக்கும் நிலை ஒன்று இருப்பதால், நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் ஆறும் வரை சில கோப்பைகளைத் தரம் குறையாமல் வடிக்க முடிகிறது.

தினசரிச் சுத்தம் எல்லா இயந்திரங்களுக்கும் பொது. இதற்கே உரிய ஒன்று மட்டும்: துளையில்லாப் பாஸ்கெட்டைப் பொருத்தி டிடர்ஜென்ட் போட்டுக் கழுவும்போது, நெம்புகோலோடு சுழன்று வால்வுகளைத் தள்ளும் கேமில் தடவிய கிரீஸும் சேர்ந்து போய்விடுகிறது. நெம்புகோல் இறுகிக் கிறீச்சிட்டால் அதுதான் காரணம். வெறும் நீரில் தினமும், டிடர்ஜென்ட்டில் அளவோடும் கழுவி, உணவுக்கு ஏற்ற சிலிகான் கிரீஸை அவ்வப்போது தடவினால் போதும்.

எதிர்முகாமின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஃபுளோரன்ஸின் லா மர்ஸோக்கோ 1970-இல் கொண்டுவந்த ஜி.எஸ். இயந்திரம், காபிக்கு ஒரு பாய்லர், நீராவிக்கு ஒரு பாய்லர் என்று பிரித்து, குரூப்பையே காபி பாய்லரின் நீட்சியாக்கி, சூடான நீர் எப்போதும் குரூப்புக்குள் நிற்குமாறு செய்தது. அந்த வழியில் வந்த இயந்திரங்களில் சூட்டை மின்னணு முறையில் நிலைநிறுத்தும் பி.ஐ.டி. கட்டுப்பாடும் சேர்ந்த பிறகு, சும்மா இருந்தாலும் இடைவிடாமல் ஓடினாலும் வெப்பநிலை பிறழ்வதில்லை. நீரை வீணாகத் திறந்துவிடவும் வேண்டாம், வறுவலுக்கு ஏற்ப ஒரு டிகிரி கூட்டவும் குறைக்கவும் பொத்தானை அழுத்தினால் போதும். இந்திராநகரிலோ சர்ச் தெருவிலோ காலை முதல் இரவு வரை வரிசை நிற்கும் கடைக்கும், மாதம் ஒரு தோட்டத்துக் காபியை மாற்றி மாற்றித் தரும் கடைக்கும் அதுவே சரி. விலை மிகக் கூடுதல், போர்டு பழுதானால் மாற்றுப் பலகை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

எங்கள் கடை போல ஒரே கலவையை ஆண்டு முழுதும் வைத்திருக்கும், நண்பகல் வரை கூட்டமும் பிறகு ஓய்வுமாக இருக்கும், உரிமையாளரே கவுண்டரில் நிற்கும் கடைக்கு இ61-ஐ நான் தயங்காமல் சொல்வேன். கொடகு ரொபஸ்டா கால் பங்கு சேர்ந்த எங்கள் கலவை இதில் கெட்டியாகவும் கசப்பு மட்டுப்பட்டும் இறங்குகிறது. டம்ளரில் பாலோடு கேட்பவர்களுக்கும் அந்தக் கெட்டி போதுமானதாக இருக்கிறது.

பயன்படுத்திய இயந்திரமாக வாங்குகிறவர்கள் குரோமின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். விற்பவரின் இடத்துக்குப் போவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இயந்திரத்தைப் போட்டுவைக்கச் சொல்லி, போனதும் இரண்டு குரூப்புகளின் மேற்பரப்புச் சூட்டையும் தொடு வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கத்துத் தெர்மோசைஃபனில் காற்றோ சுண்ணாம்போ அடைத்திருக்கிறது. பாய்லரைக் கழற்றி அமிலத்தில் ஊறவைக்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.